தம்பலகாமத்து வெக்கையில் ஐந்து கிலோ கொடுவா: சொந்தக் குளத்தில் பெரிய மீன் வளர்க்க முழுமையான வழிகாட்டி

டொரண்டோவில் இருக்கும் அக்காவின் மகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். இரண்டு கையாலும் ஒரு மீனை ஏந்தியபடி நிற்கிறான். மீனின் முதுகில் புழு ஊர்ந்த தடம் போலக் கோலம், விலாவில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளிகள், வயிற்றுப் பக்கச் செட்டைகளின் முன் ஓரத்தில் பால்வெள்ளைக் கோடு. புரூக் டிரவுட். நண்பன் ஒருவனின் சொந்தக் குளத்தில் வளர்ந்ததாம். "மாமா, உங்கட குளத்திலயும் இதை விடலாமே?" என்று கேட்டிருந்தான்.

விட முடியாது. அது குளிர் ஊற்றுத் தண்ணீரின் மீன். தண்ணீர் 20 பாகையைத் தாண்டினாலே அதற்கு மூச்சு முட்டும், 25 பாகையில் பிழைப்பது கடினம். எங்கள் கிணற்றுத் தண்ணீரே 28 பாகை. மலைநாட்டில் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் வானவில் டிரவுட் இருக்கிறதே என்றால், அங்கே விடியற்காலையில் புல்லில் உறைபனி படியும். திருகோணமலையில் சித்திரை வெயிலுக்குக் குளத்தின் மேல்தண்ணீர் கையைச் சுடும்.

ஆனால் அந்தப் படத்தை வைத்து அவனோடு ஒரு மணி நேரம் பேசினேன். அவன் நண்பன் மீனுக்குக் கொடுக்கும் தீனியை விட, குளத்தில் எத்தனை மீன் இருக்கிறது என்ற கணக்கில்தான் கண்ணாக இருக்கிறானாம். டிரவுட் ஊற்றுச் சரளையில் தானே முட்டையிட்டுப் பெருகிவிட்டால், எல்லாம் ஒரு சாண் மீனாகவே நின்றுவிடும். அதனால் வருடா வருடம் பிடித்துக் குறைக்கிறான். மிச்சம் நிற்பவை பெரிதாக வளர்கின்றன. எங்கள் பக்கத்தில் இதே கணக்குக்குச் சரியாக வரும் மீன் கொடுவா. சிங்களத்தில் மோதா. நான் அதைத்தான் வளர்க்கிறேன். இனி எழுதுவது அதைப் பற்றி.

ஏன் கொடுவா

கடல் தண்ணீர், களப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் மூன்றிலும் வளரும். 26 முதல் 32 பாகை வரை அதற்குச் சுகமான சூடு, அதாவது எங்கள் ஊர் வருடம் முழுக்க. முக்கியமாக, நல்ல தண்ணீர்க் குளத்தில் அது குஞ்சு பொரிக்காது. முட்டையிட உப்புத் தண்ணீர் முகத்துவாரம் வேண்டும். ஆகவே நீங்கள் விட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒரு மீன்கூடப் பெருகாது.

இன்னொரு விசேஷம்: கொடுவா ஆணாகத்தான் முதிர்கிறது, பிறகு பெண்ணாக மாறுகிறது. 80 செ.மீ. தாண்டிய பெரிய மீன் என்றால் அநேகமாகப் பெண்தான். இதைச் சொன்னால் என் மனைவி சிரிப்பாள்.

வளர்ச்சியைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். நல்ல தீனியில் அரைக் கிலோவுக்கு வர 6 முதல் 8 மாதம். இரண்டு கிலோ, மூன்று கிலோவுக்கு இரண்டு வருடம் வரை. ஐந்து கிலோவுக்கு மூன்றரை, நான்கு வருடம் பொறுக்க வேண்டும். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாதவர் அரைக் கிலோவிலேயே பிடித்து விற்றுவிடலாம். அதுவும் நல்ல தொழில், ஆனால் அதற்கு வேறு கணக்கு.

இடமும் மண்ணும்

நான் 20 பேர்ச் நிலத்தை வைத்துச் சொல்கிறேன். அது ஏறத்தாழ 500 சதுர மீற்றர். ஆழம் ஒரு பக்கம் ஒன்றேகால் மீற்றர், மடைப் பக்கம் இரண்டு மீற்றர். ஆழமான பக்கம் கட்டாயம் வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மீன் நடுப்பகலில் அங்கேதான் போய் நிற்கும்.

வயலோர மண் என்றால் ஒரு பிடி ஈரமண்ணை எடுத்து உருண்டையாக்கி இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். உதிராமல் தட்டையானால் தண்ணீர் நிற்கும். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து வயல்களில் பெரும்பாலும் நிற்கும். நிலாவெளி, உப்புவெளி மணலில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

கண்டல் மரங்களுக்குப் பக்கத்து நிலம் மலிவாகக் கிடைக்கும். எச்சரிக்கை. அந்தக் கறுப்புச் சேற்றைத் தோண்டிக் காற்றுப் படவிட்டால் கந்தகம் புளித்து அமிலமாகிவிடும். முதல் மழையில் குளக்கட்டிலிருந்து துருநிறத் தண்ணீர் வடியும், மீன் ஒரே இரவில் செத்துக் கிடக்கும். தோண்டுமுன் ஒரு கூடை மண்ணை இரண்டு மூன்று வாரம் நிழலில் காயவிட்டு, தண்ணீரில் கரைத்து பி.எச். பாருங்கள். 4-க்குக் கீழே வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். கண்டலை வெட்டி இடம் எடுக்கும் எண்ணமும் வேண்டாம், சட்டமும் விடாது.

சட்டம் என்றதும் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மீன் வளர்க்க அனுமதிப்பத்திரம் தேவை. 'நக்டா' என்று எல்லோரும் சொல்லும் தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். கடற்கரையில் உயர் நீர்மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குள் நிலம் இருந்தால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். களப்பு, ஆற்று வாய்ப் பக்கம் அந்த எல்லை இன்னும் உள்ளே வரும். மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் வந்து நின்ற பிறகு ஓடித் திரிவதைவிட முன்னமே முடிப்பது நல்லது.

எப்போது வெட்டுவது

எங்கள் மாவட்டத்துக்கு மழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஐப்பசி முதல் தை வரை கொட்டும், மற்ற மாதங்களில் வானம் பார்த்தபடி. அதனால் ஓகஸ்ட் மாதத்தில் வெட்டுங்கள். மண் காய்ந்திருக்கும், பெக்கோ புதையாது. குளக்கட்டை ஒன்றுக்கு இரண்டு சரிவில் போடுங்கள்: ஒரு அடி உயரத்துக்கு இரண்டு அடி அகலம்.

கட்டு எவ்வளவு உயரம்? அளவுகோலை வைக்குமுன் பக்கத்து வளவில் உள்ள மூத்தவரைக் கேளுங்கள், வெள்ளம் எந்த மரத்தின் எந்தக் கணுவரை வந்தது என்று. அதற்கு மேலே அரை மீற்றர் வையுங்கள். அப்புறம் முதல் மாரியைச் சும்மா விடுங்கள், மீன் வேண்டாம். எங்கே கசிகிறது, எங்கே கரைகிறது என்று மழையே காட்டித் தரும். என் குளக்கட்டில் இரண்டு நண்டு வளைகள் அப்படித்தான் பிடிபட்டன.

தை கடைசியில் தண்ணீரை இறக்கி, அடி பாளம் பாளமாக வெடிக்கும்வரை காயவிடுங்கள். 500 சதுர மீற்றருக்கு 50 முதல் 100 கிலோ விவசாயச் சுண்ணாம்பு தூவி, பிறகு தண்ணீர் விடுங்கள். தண்ணீர் வரும் குழாய் வாயில் நெருக்கமான வலை கட்ட மறக்க வேண்டாம். விரால் குஞ்சு ஒன்று உள்ளே வந்தாலே போதும், தலைவலிதான்.

வாய்க்கால் தண்ணீர் எடுப்பவர்களுக்கு ஒன்று. மேல் வயலில் மருந்து அடித்த கிழமையில் மடையைத் திறக்காதீர்கள். பூச்சி மருந்தின் சிறு அளவே குஞ்சுகளுக்குப் போதும். நான் வயல்காரர் மூவரின் கைபேசி இலக்கங்களை வைத்திருக்கிறேன். மருந்து அடிக்குமுன் ஒரு வார்த்தை சொல்லுங்கோ என்று கேட்டு வைத்திருக்கிறேன், சொல்கிறார்கள். பதிலுக்கு மீன் போகும்.

முதலில் இரை, பிறகு மீன்

தண்ணீர் நின்றதும் ஒரு சாக்கில் காய்ந்த சாணம் 50 கிலோவைக் கட்டி மூலையில் ஊறப்போடுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் தண்ணீர் இளம் பச்சையாகும். ஒரு கம்பின் நுனியில் வெள்ளை மூடியை ஆணியடித்து இறக்கிப் பாருங்கள். 30 முதல் 40 செ.மீ. ஆழத்தில் மூடி கண்ணிலிருந்து மறைந்தால் சரியான பச்சை. 20 செ.மீ.யிலேயே மறைந்தால் கூடிவிட்டது, சாக்கைத் தூக்குங்கள்.

இப்போது திலாப்பியா. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மீன், இன்று எந்தக் குளத்தில் வீச்சுவலை போட்டாலும் வரும். பெரியதாக 250 முதல் 400 வரை விடுங்கள். இரண்டு மாதத்தில் கரையோரம் முழுக்கக் குஞ்சு மொய்க்கும். அது கொடுவாவுக்கு உயிருள்ள சாப்பாடு. டொரண்டோக்காரனுக்கு வளர்க்கும் மீனே பெருகுவது தொல்லை. எங்களுக்கு இரை பெருகுவது லாபம், ஆனால் கட்டுக்குள் இருக்கும்வரைதான். கொடுவாவின் வாய்க்குள் அடங்காத அளவுக்கு வளர்ந்த திலாப்பியா தீனியையும் தின்று ஒட்சிசனையும் குடிக்கும். மாதம் ஒருமுறை வீச்சுவலை போட்டுக் கறிக்கு எடுத்துவிடுங்கள்.

குஞ்சு வளர்ப்பு: இங்கேதான் எல்லோரும் சறுக்குவது

குஞ்சைப் பொரிப்பகத்திலிருந்து வாங்குங்கள். களப்பில் பிடிக்கும் குஞ்சு பல அளவில் கலந்து வரும், வலையில் செதில் உரிந்தும் இருக்கும். வாங்கும்போதே மூன்றைக் கேளுங்கள்: என்ன அளவு, எந்த உப்புத் தண்ணீரில் நிற்கிறது, துகள் தீனி தின்னப் பழகிவிட்டதா. உப்புத் தண்ணீர்க் குஞ்சை நேரே நல்ல தண்ணீரில் கொட்டக் கூடாது. ஒரு தொட்டியில் வைத்து, நாளொன்றுக்கு ஆயிரத்தில் ஐந்து பங்கு என்ற அளவில் உப்பைக் குறைத்து, ஒரு கிழமையில் நல்ல தண்ணீருக்குக் கொண்டுவாருங்கள்.

முதல் தடவை நான் விரலளவு குஞ்சு 200 வாங்கி, குளத்துக்குள்ளேயே நெருங்கிய கண் வலையால் கட்டிய கூட்டில் விட்டேன். நான்காம் நாளில் தரம் பிரிக்க வேண்டும் என்று சொல்லித்தான் தந்தார்கள். மட்டக்களப்பில் கலியாண வீடு. போய் வர பத்து நாளாகிவிட்டது. வந்து கூட்டைத் தூக்கிப் பார்த்தால் எழுபதும் இல்லை. தண்ணீர் மேலே ஒரு குஞ்சு செத்து மிதந்தது. வாய்க்குள்ளிருந்து இன்னொரு குஞ்சின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இரண்டும் சேர்ந்து போயிருந்தன.

கொடுவாக் குஞ்சு தன் நீளத்தில் பாதிக்கு மேல், ஏறக்குறைய 60 சதவீத நீளம் உள்ள உடன்பிறப்பை விழுங்கும். அதனால் 10 செ.மீ. வரும்வரை நான்கு ஐந்து நாளுக்கு ஒருமுறை பெரியது, நடுத்தரம், சிறியது என்று மூன்று கூட்டில் பிரித்துப் போட்டே ஆக வேண்டும். துளைபோட்ட பிளாஸ்டிக் கூடைகள் போதும். சின்னது துளையால் நழுவி விழும், பெரியது கூடையில் நிற்கும். தண்ணீருக்குள் வைத்தே செய்யுங்கள். விடியற்காலையில் செய்யுங்கள். அதற்கு முந்தின இரவு தீனி வேண்டாம்.

இந்த நாட்களில் தீனி ஒரு நாளைக்கு நான்கு ஐந்து தடவை, மொத்தமாக உடல் எடையில் 8 முதல் 10 சதவீதம். வயிறு நிறைந்த குஞ்சு தம்பியைப் பார்த்து வாய் திறப்பது குறைவு. 30 முதல் 45 நாளில் 10 செ.மீ. வந்துவிடும். அப்போது 150 குஞ்சைக் குளத்துக்குள் திறந்துவிடலாம்.

தீனி

மிதக்கும் துகள் தீனி, புரதம் 40 சதவீதத்துக்குக் குறையாமல். இறால் தீனி கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள், அது அடியில் இறங்கிவிடும். மீன் தின்றதா, அடியில் கிடந்து அழுகுகிறதா என்று தெரியாது. மிதக்கும் தீனியில் கண்ணால் பார்க்கலாம். பத்து நிமிடத்துக்குப் பிறகும் மிதந்தால் நாளைக்குக் குறைவாகப் போடுங்கள்.

காலை வெயில் ஏறியபின் ஒன்று, மாலை ஒன்று. அரைக் கிலோ மீனுக்கு உடல் எடையில் 2 முதல் 3 சதவீதம், இரண்டு கிலோ தாண்டினால் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். மாலைத் தீனிதான் பார்க்க வேண்டியது. துகள் விழும். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு தண்ணீருக்கடியில் 'பட்' என்று வெடிச்சத்தம், துகள் இருந்த இடத்தில் ஒரு குழி. கொடுவா கடித்துத் தின்பதில்லை, வாயை விரித்துத் தண்ணீரோடு உறிஞ்சி எடுக்கிறது. இருட்டியபின் டோர்ச் அடித்தால் கண்கள் தணல் போல ஒளிரும்.

கிண்ணியாவிலும் மூதூரிலும் மலிவான நாளில் சூடை, கீரி போன்ற சின்னக் கடல் மீன்கள் கூடை கூடையாகக் கிடைக்கும். நறுக்கிப் போட்டால் மீன் கொண்டாட்டமாகத் தின்னும். ஆனால் அதையே முழுத் தீனியாக்காதீர்கள். ஒரு கிலோ மீன் எடை கூட 5, 6 கிலோ பச்சை மீன் போகும். துகள் தீனியில் ஒன்றரைக் கிலோவுக்குப் பக்கத்தில் முடியும். தவிர, இந்தச் சாதி மீன்கள் சிலவற்றில் பி1 உயிர்ச்சத்தை அழிக்கும் பொருள் உண்டு. மாதக்கணக்கில் பச்சையாக அதையே தின்றால் மீன் தலைசுற்றினாற் போல நீந்தும். வாரத்துக்கு ஒரு நாள் விருந்தாகப் போடுங்கள்.

விடியற்காலை மூச்சு

பெரிய மீன் சாவது பசியால் அல்ல, மூச்சால். பகலில் பச்சைத் தண்ணீர் ஒட்சிசன் தரும், இரவில் அதே பச்சை அதைக் குடிக்கும். ஆகவே மிகக் குறைவான நேரம் விடிய முன். லீற்றருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போகக் கூடாது. அளக்கும் கருவி இல்லாவிட்டால் விடியற்காலை ஐந்து மணிக்குக் குளக்கட்டில் போய் நில்லுங்கள். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆபத்து தொடங்கிவிட்டது.

எனக்கு இது ஒரு ஐப்பசியில் நடந்தது. மூன்று நாள் வெயிலே இல்லை, மூடிய வானம். நான் வழக்கம்போலத் தீனி போட்டேன். நான்காம் நாள் இரவு திடீர் மழை, கரண்டும் போய்விட்டது. விடிய ஒன்பது மீன் வெள்ளை வயிற்றோடு மிதந்தன, எல்லாம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல். எப்போதும் பெரியதுதான் முதலில் போகும்.

அதற்குப் பிறகு இதுதான் வழக்கம். வானம் மூடினால் தீனி பாதி, இரண்டாம் நாளும் மூடினால் தீனியே இல்லை. தண்ணீரை அடித்துக் காற்றுக் கலக்கும் அரைக் குதிரைவலு துடுப்புச் சக்கரம் இரவு பத்து முதல் காலை ஏழு வரை ஓடும். கரண்ட் போனால் பெற்றோல் பம்ப்: குளத்துத் தண்ணீரையே இழுத்து, நுனியைச் சப்பையாக்கிய குழாயால் மேலே விசிறியடிக்கும். பம்புக்குப் பெற்றோல் எப்போதும் ஒரு கான் இருக்கும். மோட்டார் சைக்கிளுக்கு அதில் கை வைக்க வீட்டில் யாருக்கும் உரிமை இல்லை.

பி.எச். 7.5 முதல் 8.5 வரை இருக்கட்டும். அமோனியா பார்க்கத் துளிவிடும் பரிசோதனைப் பெட்டி வாங்கி வையுங்கள். நிறம் ஏறினால் தீனியை நிறுத்தி, அடித் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கை மாற்றுங்கள்.

குறைப்பது

150 மீனும் 500 கிராம் வந்த நாளில் குளம் அழகாக இருக்கும். மனம் வராது. இருந்தாலும் 60 மட்டும் விட்டு மற்றதை எடுங்கள். இரண்டு கிலோவில் அதையும் 30 ஆக்குங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் என்னைப் பார்த்து, "இவ்வளவு தண்ணிக்கு முப்பது மீனோ? உனக்கென்ன பைத்தியமோ?" என்றார். முப்பது மீன் ஐந்து கிலோ வந்தால் 150 கிலோ. இந்தத் தண்ணீர் தாங்கும். 150 மீனும் ஐந்து கிலோவை நோக்கிப் போனால் தாங்காது. நீங்கள் குறைக்காவிட்டால் ஒரு மழை இரவு குறைத்துவிடும். அது எதை எடுக்கும் என்று மேலே சொன்னேன்.

எதை விடுவது, எதை எடுப்பது? நீளத்தை மட்டும் பார்க்காதீர்கள். 60 செ.மீ. மீன் இரண்டரை முதல் மூன்று கிலோ நிற்க வேண்டும். தலைக்குப் பின்னால் முதுகு கூன் போல உயர்ந்து, வால்தண்டு கைக்கு அடங்காமல் தடித்திருப்பது நல்ல மீன். தலை பெரிதாக, வயிறு ஒட்டி, கத்தி மாதிரி இருப்பதை எடுத்துவிடுங்கள், அது இனித் தேறாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐந்தாறு மீனைப் பிடித்து நிறுத்து, கொப்பியில் எழுதுங்கள். முடிச்சில்லாத வலை, நனைந்த கை, நனைத்த துணிப்பையில் தொங்கவிட்டு நிறுப்பது. வெறும் சீமெந்தில் போட்டால் மேல்சளி உரிந்து, ஒரு கிழமையில் பஞ்சு போலப் பூஞ்சணம் பிடிக்கும். செவுள் மூடி சவரக்கத்தி போல் வெட்டும், உங்கள் விரலையும் பாருங்கள்.

அப்படிப் பூஞ்சணமோ பேனோ கண்டால், நல்ல தண்ணீரில் வளரும் மீனை லீற்றருக்கு 10 கிராம் உப்புப் போட்ட தொட்டியில் காற்றுக்குழாயோடு ஒரு மணி நேரம் விடலாம். கொடுவா உப்புக்கு அஞ்சாது, ஒட்டியிருப்பது அஞ்சும். கண் பிதுங்கி, மீன் சுழன்று நீந்தினால் அது வேறு நோய், உப்புக்கு அடங்காது. ஒரு மீனை ஐஸில் வைத்து நக்டா அலுவலருக்குக் காட்டுங்கள். கடையில் யாரோ தரும் குளிசையைத் தீனியில் கலக்க வேண்டாம்.

காவல்

நீர்க்காகம் குஞ்சுக் காலத்தில் எதிரி, மேலே நைலோன் நூல் குறுக்கும் நெடுக்கும் கட்டினால் போதும். கபரக்கொய்யா என்ற பெரிய நீர் உடும்பு குளக்கட்டைத் தோண்டும். நீர்நாய் வந்தால் தின்பதைவிடக் கடித்துப் போடுவது அதிகம், அதற்குச் சுற்றுவேலி தவிர வழியில்லை. மாரியில் கட்டின் மேல் ஒரு மீற்றர் உயரத்துக்கு வலை நிறுத்துங்கள். கொடுவா புதுத் தண்ணீர் வாசம் கண்டால் துள்ளும். வெள்ளத்தோடு கொட்டியாரக் குடாவுக்குப் போன மீன் திரும்பி வராது.

பிடிப்பது

நான்காம் வருடம். தூண்டிலில் பிடிக்க ஆசைப்பட்டால் முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிடுங்கள், திருப்பி விடுவதற்கு மீன் காயப்படாது. அந்தி நேரம், உயிர்த் திலாப்பியாக் குஞ்சு, மடைப் பக்க ஆழம். கடித்ததும் கொடுவா வானத்துக்குத் துள்ளித் தலையை உதறும். அந்த நேரம் கம்பைத் தாழ்த்துங்கள், நூலைத் தளரவிடாதீர்கள்.

சமைக்க எடுக்கும் மீனை உடனே வெட்டாதீர்கள். பச்சைத் தண்ணீரில் வளர்ந்த மீனுக்குச் சேற்று மணம் இருக்கும். பெரிய தொட்டியில் சுத்தமான கிணற்றுத் தண்ணீர், கொஞ்சம் கல்லுப்பு, காற்றுக்குழாய். தீனி போடாமல் மூன்று நாள் விடுங்கள், தண்ணீரைத் தினமும் பாதி மாற்றுங்கள். மூன்றாம் நாள் மாலை தலை சொதிக்கு, நடுத்துண்டு பொரிக்க. தொட்டிக்குப் பலகை மூடியும் மேலே ஒரு கல்லும் வையுங்கள். என் முதலாவது ஐந்து கிலோ மீன் இரண்டாம் இரவு துள்ளி முற்றத்தில் கிடந்தது, காலையில் பூனைதான் முதலில் கண்டது.